முதல் கம்பைலரைக் கம்பைல் செய்தது யார்?

வைவாவில் உங்களிடம் "சி கம்பைலர் எந்த மொழியில் எழுதப்பட்டது?" என்று கேட்டிருக்கிறார்கள். நீங்கள் அசெம்ப்ளி, அதாவது இயந்திரக் கட்டளைகளை ஒவ்வொன்றாக எழுதும் கீழ்நிலை மொழி, என்றீர்கள். வந்திருந்த எக்ஸ்டெர்னல், "இல்லை, சி-யில்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். வீட்டுக்கு வந்து யோசித்தால் அது இடிக்கிறது. கம்பைலர் என்பது நாம் எழுதும் நிரலைக் கணினி ஓட்டக்கூடிய கட்டளைகளாக மொழிபெயர்க்கும் நிரல். சி-யில் எழுதிய கம்பைலரை ஓடவைக்க முதலில் ஒரு சி கம்பைலர் வேண்டுமே, அது எங்கிருந்து வந்தது? இதுதான் உங்கள் கேள்வி. இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வரலாற்றில் முதலில் என்ன நடந்தது என்பது ஒன்று. ஒரு பொருள் தன்னையே உண்டாக்கிக்கொள்வது எப்படிச் சாத்தியம் என்பது இன்னொன்று. இரண்டாவதை முதலில் சொன்னால் முதலாவது எளிதாகிவிடும்.

என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். நான் வரலாற்றாசிரியன் இல்லை. இருபது வருடத்துக்கு மேலாகச் சின்னச் சின்ன சிப்களுக்கு சி கம்பைலரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை பார்த்தவன். கீழே வரும் பழைய கதைகள் அவற்றில் சம்பந்தப்பட்டவர்களே எழுதியும் பேசியும் வைத்தவற்றிலிருந்து எடுத்தவை. நான் அங்கே இருந்து பார்த்ததில்லை. கம்பைலர் தன்னைத் தானே கட்டுவதை மட்டும் நூற்றுக்கணக்கான தடவை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் தயிர் தோய்க்கப் பாலில் ஒரு கரண்டி மோர் விடுகிறோம். அந்த மோர் நேற்றைய தயிரிலிருந்து வந்தது. நேற்றைய தயிர் முந்தாநாள் மோரிலிருந்து. அப்படியானால் உலகின் முதல் தயிர் எப்படி உறைந்தது என்று யாரும் மண்டையைக் குழப்பிக்கொள்வதில்லை. ஏனென்றால் உறைமோர் இல்லாத வீட்டில் என்ன செய்வார்கள் என்று நமக்குத் தெரியும். வெதுவெதுப்பான பாலில் நாலு மிளகாய்க் காம்பைப் போட்டு மூடி வைப்பார்கள். மறுநாள் ஏதோ தயிர் மாதிரி ஒன்று நீர்க்க இருக்கும், சாதத்தில் பிசைந்து சாப்பிட முடியாது. ஆனால் அதில் ஒரு கரண்டி எடுத்து அடுத்த பாலில் விட்டால் கொஞ்சம் கெட்டிப்படும். மூன்றாம் நாள் நல்ல தயிர். அதற்கப்புறம் மிளகாய்க் காம்பு எங்கே போனது என்று யாருக்கும் நினைவிருக்காது.

கம்பைலர் கதையும் அச்சு அசலாக இதேதான். முதல் தடவை வேறு ஏதோ ஒன்றால், அரைகுறையாக ஒன்றைச் செய்துகொள்கிறோம். அந்த அரைகுறை கம்பைலருக்கு மொழியின் கால்வாசி தெரிந்தால் போதும். அந்தக் கால்வாசி மொழியிலேயே கொஞ்சம் பெரிய கம்பைலரை எழுதி, அரைகுறையிடம் கொடுத்து மொழிபெயர்க்கச் சொல்கிறோம். இப்போது கையில் இருப்பது பாதி மொழி தெரிந்த கம்பைலர். அதை வைத்து அடுத்தது. இதற்குத் தொழிலில் பூட்ஸ்ட்ராப் என்று பெயர். நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று. கம்பைலர் என்பது மனிதர் எழுதிய மூலநிரல், அதை மொழிபெயர்த்து வந்த, கணினியில் ஓடுகிற பைனரி என்று இரண்டு பொருள். "சி-யில் எழுதியது" என்பது மூலநிரலைப் பற்றிய பேச்சு. அதை மொழிபெயர்ப்பது எப்போதும் ஒரு பழைய பைனரி. பாத்திரத்தில் பால் இன்றையது, உறைமோர் நேற்றையது என்பதுபோல.

சரி, சி-க்கு மிளகாய்க் காம்பு எது? இங்கேதான் நீங்களும் எக்ஸ்டெர்னலும் இரண்டு பேருமே ஒரு படியைத் தவறவிட்டீர்கள். நடுவில் பி என்று ஒரு மொழி இருக்கிறது. 1969-70 வாக்கில் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் கென் தாம்சன் பிடிபி-7 என்ற கணினியில் வேலை செய்துகொண்டிருந்தார். அதன் நினைவகம் 18 பிட் சொற்கள் எட்டாயிரம், அவ்வளவுதான். இன்று உங்கள் ஃபோனில் இருக்கும் ஒரு ஸ்டிக்கர் படம் அதில் கொள்ளாது. அதில் யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் வடிவம் அசெம்ப்ளியில் எழுதப்பட்டது. அந்த அசெம்ப்ளி நிரல்களும்கூட ஆரம்பத்தில் பக்கத்திலிருந்த ஜிஇ-635 என்ற பெரிய கணினியில் மொழிபெயர்க்கப்பட்டு, காகித நாடாவில் துளைகளாகத்தான் பிடிபி-7-க்கு வந்தன. ஒரு கணினிக்கான நிரலை இன்னொரு கணினியில் தயாரிப்பது. நான் காலமெல்லாம் செய்த வேலையும் இதுதான், நாடா மட்டும்தான் இல்லை.

அதே கூடத்தில் இருந்த டக் மெக்கில்ராய், கம்பைலர் எழுத உதவும் டிஎம்ஜி என்ற கருவியை அந்தக் கணினிக்குக் கொண்டுவந்தார். இதைப் பற்றி தாம்சன் பிற்காலத்தில் மேடையில் சொன்ன கதை ஒன்று உண்டு. மெக்கில்ராய் டிஎம்ஜி-யை டிஎம்ஜி-யிலேயே ஒரு காகிதத்தில் எழுதினாராம். அப்புறம் அந்தக் காகிதத்தை அந்தக் காகிதத்திடமே கொடுத்து, தானே கம்பைலராக உட்கார்ந்து கையால் மொழிபெயர்த்தாராம். சிரிப்புக்காகச் சொன்ன கதை மாதிரி இருக்கும். ஆனால் முறை முழுக்கச் சரி. மொழிபெயர்ப்பு விதிகள் தெரிந்த மனிதர் ஒருவர் இருந்தால் போதும், அவர்தான் முதல் கம்பைலர்.

தாம்சன் பி கம்பைலரின் முதல் வடிவத்தை டிஎம்ஜி-யில் எழுதினார். அது ஓடியதும் அதே கம்பைலரை பி-யிலேயே திருப்பி எழுதினார். இந்தக் கட்டத்தைப் பற்றி, பின்னாளில் சி-யை உருவாக்கிய அவருடைய சகா டென்னிஸ் ரிட்சி எழுதியிருப்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நினைவகம் போதாது. மொழியில் புதிதாக ஒரு வசதியைச் சேர்த்தால் கம்பைலர் வீங்கி எட்டாயிரத்துக்குள் திணற ஆரம்பிக்கும். உடனே தாம்சன் அந்தப் புது வசதியைப் பயன்படுத்திக் கம்பைலரையே திருத்தி எழுதுவார், அது மறுபடி இளைக்கும். ஒரு மாறியோடு இன்னொன்றைக் கூட்டி அதிலேயே வைக்கும் கூட்டல்-சமக்குறி அப்படி வந்ததுதான். பி-யில் அது தலைகீழாக, முதலில் சமக்குறியும் பிறகு கூட்டல் குறியுமாக இருந்தது. இட நெருக்கடியும் மொழியின் இலக்கணத்தைத் தீர்மானித்திருக்கிறது.

இங்கே ஒரு தப்பான செய்தியையும் சொல்லிவிடுகிறேன். பல வகுப்பறைகளில் சொல்லித்தருவார்கள்: சி-யின் இரட்டைக் கூட்டல் குறி, பிடிபி-11 என்ற கணினியில் அதற்கென்று ஒரு வசதி இருந்ததால் வந்தது என்று. அப்படி இருக்க முடியாது. அந்தக் குறி பி-யிலேயே இருந்தது. பி உருவானபோது பிடிபி-11 இன்னும் வரவே இல்லை. ரிட்சியே இதை மறுத்து எழுதியிருக்கிறார்.

பிடிபி-11 வந்ததும் பி-க்குச் சங்கடம் ஆரம்பித்தது. பி-யில் தரவு வகை என்பதே கிடையாது, எல்லாமே ஒரு "சொல்". புதுக் கணினியோ பைட் பைட்டாக முகவரி இடும். ஒற்றை எழுத்தைக் கையாள்வதே பி-யில் பெரும்பாடாகியது. 1971-இல் ரிட்சி பி-யில் எழுத்துக்கென்று ஒரு வகையைச் சேர்த்தார். கம்பைலரையும் பிடிபி-11-இன் இயந்திரக் கட்டளைகளை நேரடியாக வெளியிடும்படி மாற்றி எழுதினார். அந்த இடைக்கால மொழிக்குப் பெயர் என்பி, அதாவது புது பி. அதற்கு மேல் வகைகள், பாயின்டர் (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறி) விதிகள், ஸ்ட்ரக்ச்சர் (பல தரவுகளை ஒன்றாகக் கட்டிவைக்கும் வகை) என்று ஒவ்வொன்றாக ஏறி, 1973 தொடக்கத்தில் இன்றைய சி என்று அடையாளம் காணும் வடிவம் வந்துவிட்டது. அந்த வருடக் கோடையில் யூனிக்ஸின் மையப் பகுதியான கர்னலையே சி-யில் மாற்றி எழுதினார்கள்.

ஆக, பி கம்பைலர் ஒரு நாள் செத்து மறுநாள் சி கம்பைலர் பிறக்கவில்லை. ஒரே நிரல்தான் வரி வரியாகத் தோல் உரித்துக்கொண்டு சி ஆனது. இதற்குக் கண்ணால் பார்க்கக்கூடிய சாட்சி இருக்கிறது. 1972-73 காலத்துக் கம்பைலர்கள் இரண்டின் மூலநிரலை ரிட்சி பழைய நாடாக்களிலிருந்து எடுத்து வெளியிட்டார். அதில் ஒன்றுக்கு அவர் வைத்த பெயரே "ஸ்ட்ரக்ச்சருக்கு முந்தைய சி" என்ற பொருளில் இருக்கும். அந்தக் கம்பைலர் ஸ்ட்ரக்ச்சரைப் புரிந்துகொண்டு மொழிபெயர்க்கும், ஆனால் தன் சொந்த நிரலில் எங்கேயும் ஸ்ட்ரக்ச்சரைப் பயன்படுத்தாது. காரணம் எளிது. அதைக் கட்டிய முந்தைய கம்பைலருக்கு ஸ்ட்ரக்ச்சர் தெரியாது. இதைக் கட்டி முடித்த பிறகுதான் அடுத்ததில் பயன்படுத்த முடியும். சி படித்தவர் யாரும் அந்த நிரலை ஒரு மாலைப்பொழுது புரட்டிப் பார்க்கலாம்.

இன்னும் பின்னால் போனால்? பி-க்கு டிஎம்ஜி, அதற்கு அசெம்ப்ளியை மொழிபெயர்க்கும் அசெம்ப்ளர், அசெம்ப்ளருக்கு? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் குழு கட்டிய எட்சாக் கணினி 1949 மே 6 அன்று முதல் நிரலை ஓட்டியது. அதற்கு டேவிட் வீலர் என்ற ஆராய்ச்சி மாணவர் எழுதிய தொடக்கக் கட்டளைகள் மொத்தம் 31. அவை எங்கே எழுதப்பட்டிருந்தன தெரியுமா? டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் சுழல் சுவிட்சுகளில், கம்பிகளாகப் பற்றவைத்து. பொத்தானை அழுத்தினால் அந்த 31 கட்டளைகளும் நினைவகத்தில் போய் உட்காரும். பிறகு அவை காகித நாடாவைப் படிக்கும். நாடாவில் கூட்டலுக்கு ஏ, கழித்தலுக்கு எஸ் என்று ஓர் எழுத்தும், பின்னால் பத்தடிமான எண்ணில் ஒரு முகவரியும் இருக்கும். அந்த எண்ணை இருமத்துக்கு மாற்றி, எழுத்தோடு ஒட்டி, நினைவகத்தில் வரிசையாக வைப்பதுதான் அதன் வேலை. எழுத்தின் ஐந்து துளைக் குறியீடே கட்டளையின் குறியீடாகவும் அமையும்படி இயந்திரத்தை வடிவமைத்திருந்ததால் வேலை பாதியாகக் குறைந்தது. அசெம்ப்ளர் என்று சொல்லத்தக்க ஒன்று 31 வரியில் அடங்கிவிட்டது! அதற்குப் பின்னால் மொழி எதுவும் இல்லை. பற்றவைக்கும் கோலும் ஒரு மனிதரின் பொறுமையும்தான்.

இந்தக் கதையில் எது உறுதி, எது தகராறு என்பதையும் பிரித்துவைக்க வேண்டும். எட்சாக், பி, சி பற்றி மேலே சொன்னவை ஆவணத்தில் உள்ளவை. ஆனால் "உலகின் முதல் கம்பைலர் எது" என்று கேட்டால் பதில் நீங்கள் கம்பைலர் என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கிரேஸ் ஹாப்பர் 1952 வாக்கில் யூனிவாக் கணினிக்குச் செய்த ஏ-0 பெரும்பாலும் முதலிடம் பெறுகிறது. ஆனால் அது தயாராக இருந்த துணைநிரல்களை எண்ணைப் பார்த்து எடுத்துத் தைத்துக்கொடுக்கும் கருவி. இன்றைய பேச்சில் லிங்கர் என்போம். அவர் கம்பைல் என்ற சொல்லைத் "தொகுத்தல்" என்ற அதன் பழைய பொருளில்தான் பயன்படுத்தினார். அதே 1952-இல் மான்செஸ்டரில் ஆலிக் கிளென்னி ஆட்டோகோட் என்ற மொழிபெயர்ப்பு நிரல் ஒன்றை ஓட்டினார். அதற்கும் முந்தைய வருடம் சூரிச்சில் கொர்ராடோ போம் தன் முனைவர் ஆய்வேட்டில் ஒரு மொழியையும் அதற்கான கம்பைலரையும் அந்த மொழியிலேயே எழுதிக்காட்டினார், காகிதத்தில். பட்டத்தை யாருக்குக் கொடுப்பது? நான் சண்டைக்குப் போக மாட்டேன். ஐபிஎம் 704 கணினிக்கு ஜான் பேக்கஸ் குழு மூன்று வருடத்துக்கு மேல் உழைத்து 1957-இல் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியின் கம்பைலர்தான் உலகம் கம்பைலரை நம்ப ஆரம்பித்த இடம் என்பதில் மட்டும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அது முழுக்க அசெம்ப்ளியில் எழுதப்பட்டது. உங்கள் வைவா பதில் ஃபோர்ட்ரானுக்கு நூற்றுக்கு நூறு பொருந்தும்.

மிளகாய்க் காம்பு எல்லா வீட்டிலும் ஒன்றேயில்லை. லிஸ்ப் மொழிக்கு 1962-இல் எம்ஐடி-யில் ஹார்ட், லெவின் என்ற இருவர் லிஸ்ப்பிலேயே கம்பைலர் எழுதினார்கள். ஏற்கெனவே கையால் எழுதிய இன்டர்பிரட்டர் (மொழிபெயர்த்து வைக்காமல் நிரலை நேரடியாக ஓட்டும் நிரல்) ஒன்று இருந்ததால், அதில் கம்பைலரை ஓடவிட்டுத் தன்னையே மொழிபெயர்க்கச் சொன்னார்கள். பாஸ்கலுக்கு நிக்லவுஸ் விர்த் முதலில் ஃபோர்ட்ரானில் கம்பைலர் எழுதச் செய்து பார்த்தார், தேறவில்லை. பிறகு பாஸ்கலிலேயே எழுதி, அதைக் கீழ்நிலை மொழி ஒன்றுக்குக் கையால் பெயர்க்கக் குழுவில் ஒருவரை இரண்டு வாரம் வீட்டோடு உட்காரவைத்தார்கள். இப்போதெல்லாம் இந்தப் பாடு கிடையாது, பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்கிக்கொள்ளலாம். ரஸ்ட் மொழியின் முதல் கம்பைலர் ஓகேமல் என்ற மொழியில் எழுதப்பட்டது. கோ மொழியின் கம்பைலர் 2015 வரை சி-யில் இருந்தது. தமிழில் நிரல் எழுத உதவும் எழில் பைத்தானில் எழுதப்பட்டது, நாம் வழக்கமாக நிறுவும் பைத்தான் சி-யில் எழுதப்பட்டது.

உறைமோர் உவமையை நான் பிடித்துக்கொண்டு விடாததற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. மோர் புளித்திருந்தால் எவ்வளவு நல்ல பால் ஊற்றினாலும் புளிப்பு வரும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் எங்கள் கம்பைலரில் ஒரு பிழை புகுந்தது. எண் பூஜ்யத்தைவிடச் சிறியதா என்று பார்க்கும் சோதனையை, சில இடங்களில் தேவையில்லை என்று தானாக முடிவு செய்து தூக்கிவிடும். நான் மூலநிரலில் இடத்தைக் கண்டுபிடித்து ஒரு வரி சேர்த்துச் சரிசெய்தேன். கம்பைலரைக் கட்டினேன், பிழை அப்படியே இருந்தது. மறுபடி கட்டினேன், இருந்தது. நிரலை வரி வரியாகப் படித்தால் எல்லாம் சரி. மூன்று நாள் தூக்கம் போயிற்று. கடைசியில் புரிந்தது: நான் சேர்த்த வரியிலும் அதே "பூஜ்யத்தைவிடச் சிறியதா" சோதனைதான் இருந்தது. அதை மொழிபெயர்த்த பழைய கம்பைலர், தன் வழக்கப்படி அந்தச் சோதனையையும் தூக்கிவிட்டிருந்தது. பிழை தன்னைத் திருத்த வந்த வரியைத் தின்றுவிட்டது. இரண்டு மாதத்துக்கு முந்தைய பைனரி ஒன்றைப் பேக்கப்பிலிருந்து தோண்டி எடுத்து அதைக்கொண்டு கட்டியதும் சரியாகிவிட்டது.

எனக்குத் தற்செயலாக நடந்ததை வேண்டுமென்றே செய்ய முடியுமா? முடியும் என்று காட்டியவர் அதே கென் தாம்சன். அவருக்கும் ரிட்சிக்கும் 1983-க்கான டூரிங் விருது, அதாவது கணினித் துறையின் உயரிய விருது, கிடைத்தபோது ஆற்றிய உரையில், சி கம்பைலரின் பைனரிக்குள் ஒரு கள்ளச்சாவியை ஒளித்துவைக்கும் வழியை விளக்கினார். அந்தக் கம்பைலர் லாகின் நிரலை மொழிபெயர்க்கும்போது ரகசியக் கடவுச்சொல் ஒன்றைச் சேர்த்துவிடும். கம்பைலரையே மொழிபெயர்க்கும்போது இந்தத் திருட்டுத்தனம் முழுவதையும் புது பைனரிக்குள் திரும்பப் புகுத்திவிடும். மூலநிரலில் எங்கே தேடினாலும் ஒன்றும் இருக்காது. 2023-இல் ரஸ் காக்ஸ் என்பவர் அந்தப் பழைய நிரலைத் தாம்சனிடமே கேட்டு வாங்கி, விளக்கத்தோடு வெளியிட்டார்.

இதற்கு மருந்தும் உண்டு. டேவிட் ஏ. வீலர் என்பவர் (எட்சாக் வீலர் அல்ல, இவர் அமெரிக்கர்) 2009-இல் முடித்த முனைவர் ஆய்வில், சம்பந்தமே இல்லாத இரண்டாவது கம்பைலரைக் கொண்டு அதே மூலநிரலைக் கட்டி, அப்படி வந்ததைக்கொண்டு மறுபடி கட்டி, பைனரிகளைப் பிட் பிட்டாக ஒப்பிடும் முறையை நிறுவினார். இதைப் போன்ற ஒப்பீட்டை நீங்கள் வீட்டிலேயே பார்க்கலாம், ஆனால் அது பிடிப்பது வேறு வகைக் கோளாறு. ஜிசிசி கம்பைலரை மூலத்திலிருந்து கட்டினால் அது தன்னை மூன்று தடவை கட்டும். முதல் சுற்று கணினியில் இருக்கும் கம்பைலரால், இரண்டாவது முதலாவதால், மூன்றாவது இரண்டாவதால். இரண்டும் மூன்றும் அச்சாக ஒத்திருந்தால்தான் தேறியது. எங்கள் பிழையைப் போன்ற சிலவற்றை இதுவும் கோட்டைவிடும், ஏனென்றால் ஒரே புளிப்பு இரண்டு சுற்றிலும் இருந்தால் இரண்டும் ஒத்துத்தானே இருக்கும். இன்னொரு பக்கம், மிளகாய்க் காம்பிலிருந்தே மறுபடி தொடங்குவோம் என்று கிளம்பியவர்களும் இருக்கிறார்கள். 2023-இல் குனூ கீக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருள் திட்டம், 357 பைட் மட்டுமே உள்ள ஒரு சிறு பைனரியில் தொடங்கி, படிப்படியாக ஏறி, ஜிசிசி வரைக்கும் மூலநிரலிலிருந்தே கட்டிக்காட்டியது. அந்த 357 பைட்டையும் ஒரு மனிதர் உட்கார்ந்து படித்துச் சரிபார்த்துவிடலாம். அடியில் ஓடும் லினக்ஸ் கர்னலையும் சிப்பையும் அப்போதும் நம்பித்தான் ஆக வேண்டும்.

உங்கள் வைவாவுக்குத் திரும்பினால், எக்ஸ்டெர்னல் சொன்னது இன்றைய மூலநிரலுக்குக்கூட முழுக்கச் சரியில்லை. ஜிசிசி 2013 முதல் சி++-இல்தான் எழுதப்படுகிறது, கிளாங் என்ற இன்னொரு கம்பைலர் தொடக்கத்திலிருந்தே சி++. ரிட்சியின் கம்பைலரைத்தான் கேட்டார் என்றால், "பி-யில் தொடங்கி சி-யில் முடிந்தது" என்று சொல்லுங்கள். அடுத்த செமஸ்டரிலும் அவரே வந்தால் ஸ்ட்ரக்ச்சருக்கு முந்தைய அந்தக் கம்பைலரின் நாலு பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.